இரண்டு டாலருக்கு உயிர்

லைல் கிரஹாமின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு
அவன் மனைவி கொடுத்த பரிசு நான்.
மணிக்கு நாற்பது டாலர்,
நகலெடுக்கும் செலவு தனி.

"ஸ்காட்லாந்துக்காரர்கள்தான்.
எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள்,
கோடையில் போய் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்."

கிளீவ்லாந்து முதல் ரீனோ வரை
இருநூறு நாற்காலி போட்ட இடங்களில்
அவனைத் தெரியாதவர் இல்லை.
கட்டம் போட்ட பாவாடை கட்டி மேடையேறுவான்,
கஞ்சத் தாத்தா கதை சொல்வான்.
தேநீர்ப் பையைக் கொடியில் உலர்த்தும் தாத்தா.
தன் சாவுக்கு வந்தவர்களிடம்
வாசலிலேயே தொப்பி நீட்டச் சொல்லி
உயில் எழுதிய தாத்தா.
இருபத்திரண்டு வருடம்
அந்தத் தாத்தாதான் சோறு போட்டார்.

முதலில் தாய்வழி போனேன்.
பின்லாந்தின் ஹில்மா, வாசா துறையில் கப்பலேறியவள்.
'தொழில்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு
எட்டே மாதத்தில்
இருபத்தெட்டு சுரங்கக்காரர்களுக்குப் பொங்கிப் போட்டவள்.
அவளைக் கட்டியவன் லக்ஸம்பர்க்கிலிருந்து வந்த பீப்பாய்க்காரன்.
இருவருக்கும் பொதுவாக
ஆங்கிலச் சொல் பதினொன்று இருந்திருக்கலாம்.
குழந்தை ஏழு.
ஏழாவது பெண்
சிசிலித் தையல்காரன் மகனோடு ஓடிப்போனாள்.
திருமணப் பதிவேட்டில் அவன் பெயரைப்
பாதிரியார் மூன்று முறை அடித்து எழுதியிருக்கிறார்.
நான்காவது முறை மை கொட்டிவிட்டது.

பிறகு கிரஹாம்கள்.
எவலெத் கல்லறைத் தோட்டத்தில்
1914 முதல் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள்.
அதற்கு முன்னால் ஒருவர்கூட இல்லை,
இரும்புத் தாதோடு சேர்த்துத் தோண்டி எடுத்த மாதிரி.
மூன்று வாரம்
ஸ்காட்லாந்தின் தேவாலயக் குறிப்புகளைப் புரட்டினேன்.
சிட்டுக்குருவி மாதிரி எங்கும் கிரஹாம்கள்,
நம் குருவி மட்டும் இல்லை.

கடைசியில் டுலூத் நீதிமன்றத்தின் நிலவறை,
வெந்நீர்க் குழாய்க்கு அடியில் ஒரு கட்டு.
1913. பெயர் மாற்ற மனு.
மனுதாரர்: யெர்னெய் க்ர்ம்.
வயது இருபத்தாறு. பிறப்பு: கார்னியோலா.

க்ர்ம்.
பெயரில் ஓர் உயிரெழுத்து இல்லை,
முழுக்க மெய்.
அவன் மொழியில் புதர் என்று பொருளாம்.
அங்கே அதைச் சொல்லி யாருக்கும் நாக்கு சுளுக்கியதில்லை.
இங்கே, சுரங்க வாயிலில், விடியுமுன்,
பெயர் கூப்பிடும் மேஸ்திரி
அந்த இடம் வந்ததும் தொண்டையைச் செருமிக்
காறித் துப்புவது போல நடிப்பானாம்.
சாட்சி ஒருவன் கைநாட்டு வைத்துச் சொல்லியிருக்கிறான்.

காரணம் என்ற இடத்தில்
குமாஸ்தாவின் சாய்ந்த எழுத்தில் ஒரே வரி:
'பெயரைக் கேட்டால் ஆட்கள் சிரிக்கிறார்கள்.'

கட்டணம் இரண்டு டாலர்.
மெய்யை மேசைமேல் வைத்துவிட்டுக்
கொஞ்சம் உயிர் வாங்கிப் போயிருக்கிறான்.
கிரஹாம் எங்கிருந்து கிடைத்தது?
சுரங்கக் கடையில் அந்தப் பெயரில் ஒரு பிஸ்கட் விற்றார்கள்.
அதுவரைதான் எனக்குத் தெரியும்,
ஊகத்துக்கு நான் காசு வாங்குவதில்லை.

தொலைபேசியில் எல்லாவற்றுக்கும் சிரித்தான்.
"லக்ஸம்பர்க்கா? அங்கே ஆள் வேறு இருக்கிறார்களா?"
அந்த வரி வந்ததும் சத்தம் நின்றது.
"திரும்பப் படியுங்கள்."
படித்தேன்.
"எத்தனை பேர் சிரித்தார்கள் என்று இருக்கிறதா?"
அந்த முறைக்காரர் பட்டியலில் நூற்றுப்பத்துப் பெயர் என்றேன்.
"எத்தனை மணிக்கு?"
காலை ஐந்து.
வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, தொழில்காரன் குரலில்:
"காலை ஐந்து மணிக்கு நூற்றுப்பத்துப் பேர்.
என்னால் முடியாது."

ஸ்காட்லாந்துப் பயணத்தை ரத்து செய்யவில்லை.
டிக்கெட் பணம் திரும்ப வராதாம்.

மார்ச்சில், டுலூத்தில், பனிக்கு நடுவே
அவன் நிகழ்ச்சிக்குப் போனேன், என் செலவில்.
அதே பாவாடை. அதே தேநீர்ப் பை.
தாத்தா தொப்பி நீட்டும் இடத்தில் நின்றான்.
மைக்கை உதட்டோடு ஒட்டிச் சொன்னான்:
க்ர்ம்.

ஒலிப்பெட்டிப் பக்கம் இருந்த பையன்
மைக் கெட்டுவிட்டதென்று பதறி எழுந்தான்.
லைல் கையசைத்து அவனை உட்கார வைத்துவிட்டு
மறுபடியும் சொன்னான்.